மண் கம்பி

சியாங் மாய்,
மார்ச் 3.

அன்புள்ள தம்பி விச்சித்துக்கு, அக்கா எழுதுவது.

சொங்க்லா துறைமுகத்தில் காற்று கடுமை என்று கேள்விப்பட்டேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் மகள் பிம்மின் நூறாம் நாள் காரியத்துக்கு மடத்தில் சொல்லிவிட்டேன். ஒன்பது பிக்குகள் வருவார்கள். நீ போனில் சொன்னது காதை விட்டுப் போகவில்லை: "அன்னிக்கு வரேன்க்கா. அந்த புன்பன் தலைய எடுத்துட்டுத்தான் மத்ததெல்லாம்."

செய்தது போதாதா? பிம்மை எரித்த அன்று, சுடுகாட்டு மண்டபத்துக்கு விளக்குப் போட வந்த எலக்ட்ரீஷியன் புன்பனின் ஸ்பேனரைப் பிடுங்கி அவன் வாயிலேயே அடித்தாய். நான்கு பற்கள் போயின. விழுந்தவன் கையை மிதித்தாய். விரல்கள் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிக்குகள் ஓதுவதை நிறுத்திவிட்டார்கள். போலீசிடம் அவன் ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். அவன் மனைவி சந்தையில் என்னை நிறுத்தி, "நல்ல ஏணி டீச்சர், குறி பாத்து வாயிலயே அடிக்குது" என்றாள்.

அவன்மேல் தவறில்லை என்று சொல்ல வரவில்லை. நவம்பரில் குளிர் தொடங்கியதும், குழாய்த் தண்ணீர் உடம்பைக் கடிக்கிறது என்று, என் வீட்டில் இருந்த பிம் புலம்பினாள். குளியலறையில் தண்ணீர் ஹீட்டர் மாட்ட அவனைக் கூப்பிட்டேன். எர்த் கம்பியை நம் ஊரில் மண் கம்பி என்றுதானே சொல்கிறோம். என் வீடு மூன்றாம் மாடி. அவனிடமிருந்த கம்பி தரை வரை எட்டவில்லை. பால்கனியில் இருந்த துளசித் தொட்டிக்குள் அதைச் செருகிவிட்டு, "மண் கம்பி மண்ணுக்குள்ள போகணும், அவ்வளவுதானே டீச்சர். இது மண்ணு இல்லாம மாவா?" என்றான். கேலி இல்லை. மனதார நம்பித்தான் சொன்னான்.

நான் நம்பவில்லை. இருபத்து நான்கு வருடமாகப் பௌதிகம் நடத்துகிறேன். தொட்டி மண் பூமி ஆகாது, கசியும் மின்சாரம் அதில் இறங்காது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். விடுமுறையில் வேறு ஆளை வைத்துச் சரிசெய்யலாம் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. இறப்பதற்கு மூன்று நாள் முன்பு பிம் என்னிடம் வந்து, "அத்தை, குழாயத் தொட்டா சுருக்குங்குது" என்றாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல், "செருப்பு போட்டுக்கிட்டுக் குளி" என்றேன்.

அவள் இறந்த அன்று காலை குளியலறைக் கதவை உடைத்தபோது அவள் கை குழாயை விடவில்லை. இழுத்தேன். மின்சாரம் என்னைச் சுவரில் அடித்தது. ஊர்ந்து போய் மெயினை அணைக்கும்வரை அவள் உடம்பு துடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கை கருகியிருந்தது. காலில் செருப்பு இருந்தது.

புன்பனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீ அவனை அடித்தபோது நான் இரண்டடி தள்ளி நின்றேன், வாய் திறக்கவில்லை.

தம்பி, கட்டாயம் வா. பஸ்ஸில் குளிரும், போர்வை எடுத்துக்கொள். கையில் எதைக் கொண்டுவந்தாலும் புன்பன் வீட்டுக்குப் போகாதே. நேராக இங்கே வா. தாழ் போட மாட்டேன்.

உன் அக்கா,
துவாங்போர்ன்