ஆறு மணிப் பூசை

நீர்வேலி,
சித்திரபானு வருஷம், கார்த்திகை மாதம்.

கொழும்பில் இருந்தாலும் இந்த வீட்டைவிட்டு நினைவு அகலாத என் அன்புக் கணவருக்கு, குணலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. மாமியும் பிள்ளைகளும் நானும் சுகம். கொழும்பில் மறுபடியும் குண்டு விழப்போகிறது என்று சந்தையில் கதைக்கிறார்கள். உங்கள் சுகத்தைத் தாமதியாமல் எழுதுங்கள்.

முதலில் நல்ல செய்தி. என் தம்பி ஏரம்புவின் வழக்கு நேற்றுத் தள்ளுபடியாகிவிட்டது. ஊர் அதிகாரம் பார்க்கும் விதானையாரின் சைக்கிள் ரயர்களைக் களவெடுத்தவன் அவன் அல்ல என்று நீதவான் துரையே சொல்லிவிட்டார். மாமி காலையிலிருந்து மோதகம் அவிக்கிறா. அடுக்களைப் பக்கம் போக இடமில்லை.

போன கடிதத்தில் நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. மனிதர் மாறிக் கதைப்பார்கள், ஏட்டில் எழுதிய நேரம் மாறாது, ஆகையால் ஏரம்புவைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கச் சொல் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கியபோது ஏரம்பு பக்கத்தில் இருந்தான். பாதியில் நிறுத்திவிட்டேன், ஆனால் கேட்கக்கூடாததை அவன் கேட்டுவிட்டான். அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, நீங்கள் கொழும்பில் இருந்தது உங்கள் நல்ல காலம்.

நான் முன்பு அழுதழுது அரைகுறையாக எழுதினேன். இப்போது ஒழுங்காகக் கேளுங்கள். யுத்தத்தால் ரயருக்குப் பஞ்சம். ஏரம்பு தன் சைக்கிள் சில்லுகளுக்குக் கயிறு சுற்றி ஓடுகிறான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல், தேத்தண்ணிக் கடையில் நாலு பேருக்கு முன்னால் விதானையாரைப் பார்த்து, “ஐயா, உங்கடை ரயரை ஒருநாளைக்கு நான் கழட்டிக்கொண்டு போறன்” என்று பகிடி விட்டிருக்கிறான். அந்தக் கிழமையே, விதானையார் பிள்ளையார் கோயில் மாலைப் பூசைக்குள் நிற்க, வெளியே நின்ற சைக்கிளில் ரயர்கள் போய்விட்டன. பூசை தொடங்கிய மணி கேட்டபோது அவை இருந்தன என்றும், அப்போது நேரம் ஆறு என்றும் அவர் பொலிசில் எழுதுவித்தார்.

ஏரம்புவோ அன்று வாழைக்குலை வெட்டும்போது கையை வெட்டிக்கொண்டு புத்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். அங்கே தாதி நவமணி அவன் வந்த நேரம் ஏழு என்று எழுதியிருந்தா. ஆறுக்குக் களவெடுத்து, ரயரை ஒளித்துவிட்டு, ஏழுக்குப் புத்தூர் போகலாம்தானே என்றார்கள் பொலிசார். மறியலில் அடைபடவேண்டி வந்தால் கொடிகாமத்தில் பேசிவைத்த கலியாணமும் போய்விடும் என்று தம்பி சாப்பாட்டையே விட்டுவிட்டான்.

இதை அவிழ்த்தது நம் வீட்டுச் சுவர் மணிக்கூடு என்றால் நம்புவீர்களா? இந்த வருஷம் அரசாங்கம் இரண்டு தரம் அரை அரை மணித்தியாலமாக நேரத்தை முன்னே தள்ளியதல்லவா? லீவில் வந்தபோது நீங்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே வைத்தீர்கள். நீங்கள் றெயில் ஏறியதும், “வெயில் எறிக்க விளக்கு வைக்கிறதோ” என்று மாமி அதைப் பின்னே வைத்தா. நான் முன்னே வைப்பேன், அவ பின்னே வைப்பா. எங்கள் மாமி மருமகள் சண்டை முழுவதும் அந்த முள்ளில்தான் நடக்கிறது.

ஒருநாள் பின்னேரம், மணிக்கூடு நான் வைத்த புது நேரத்தில் இருக்கும்போது கோயில் மாலைப் பூசை மணி கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஏழு. அகப்பையை அப்படியே போட்டுவிட்டு, ஏரம்புவைக் கூட்டிக்கொண்டு அவனுக்காக வழக்குப் பேசும் பிரக்கிராசியார் வீட்டுக்கு ஓடினேன்.

நேற்று நீதவான் கோட்டில் பிரக்கிராசியார் விதானையாரிடம், ஆறு மணி என்று எந்த மணிக்கூட்டில் பார்த்தீர்கள் என்று கேட்டார். “மாலைப் பூசை ஆறு மணிக்குத்தானே. என்ரை அப்பு காலத்திலையும் அப்படித்தான். அதுக்கேன் மணிக்கூடு” என்றார் அவர். பிறகு கோயில் ஐயரைக் கூப்பிட்டார்கள். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, “அரசாங்கக் கந்தோருக்கு நேரத்தை மாத்தினவை, பிள்ளையாருக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லை. அவருக்குப் பழைய நேரந்தான்” என்றார். நீதவான் துரை லேஞ்சித் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஆஸ்பத்திரியில் புது நேரந்தான் என்று நவமணி சொன்னா. கோயிலின் ஆறும் ஆஸ்பத்திரியின் ஏழும் ஒன்றே. மணி அடித்தபோது தம்பி புத்தூரில் தையலுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறான். விதானையாரும் நவமணியும் சொன்ன நேரம் இரண்டும் உண்மைதான், அதுதான் வேடிக்கை.

விதானையார் பாவம், நல்ல மனுஷன். கோட்டு வாசலிலேயே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். ரயர்கள் இன்னும் அகப்படவில்லை. இன்று காலை ஏரம்புவே அவர் வீட்டுக்குப் போய் அந்தச் சைக்கிள் சில்லுகளுக்கும் கயிறு சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தான்.

எல்லாரும் சிரிக்கிறோம். அவனும் சிரிக்கிறான். ஆனால் தபாற்காரன் மணி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசல் படலைக்குப் போகிறான். ஏன் என்று கேட்டால் சும்மா என்கிறான். உங்களைப்பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. முன்பெல்லாம் வாய்க்கு வாய் அத்தான், அத்தான் என்பவன், அந்தக் கடிதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை எடுக்கவே இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

பிள்ளையார் உங்களைக் குண்டுக்கும் காய்ச்சலுக்கும் விலக்கிக் காக்கட்டும். இந்தத் தரம் எனக்கு எழுதாவிட்டாலும் காரியமில்லை. அவன் பேருக்கு ஒரு கடிதம் போடுங்கள். வழக்கைப்பற்றி ஒன்றும் எழுதவேண்டாம். மச்சான் என்று தொடங்கினால் போதும், மிச்சத்தை அவன் வாசிக்காமலே மன்னித்துவிடுவான்.

உங்கள் வரவு பார்த்திருக்கும்,
குணலட்சுமி