இரண்டு போன்களும் ஒரு மாடிப்படியும்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் போன மாதத்துக்கு இப்போது தேவலை, எனக்கு உடம்பு எப்போதும்போல, வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல் தெம்பாக இருக்கிறது, அது உன் காதுக்கும் வந்துவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனிலேயே பேசலாமே, எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ நாலு வரி சொல்லிவிட்டு, மீட்டிங் வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும். "எதுக்கும்மா உனக்கு இந்த வேலை, அப்பா எடுத்த போட்டோவ நீயே தப்புன்னு குரூப்ல போடுவியா, பேசாம ஒரு ஸாரி போட்டுட்டு விடு, உனக்கும் அதே புது மாடலா ஒண்ணு வாங்கி அனுப்பறேன்" என்று சொன்னாய் அல்லவா. ஸாரியும் போடமாட்டேன், புது போனும் வேண்டாம். ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நம் கட்டடத்தின் பின்பக்க மாடிப்படி உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, லிஃப்ட் போட்ட பிறகு நம்மில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. குப்பைக் கூடையும் தண்ணீர் வாளியும் லிஃப்டில் ஏறக்கூடாது என்று நம் செயலாளர் ஒட்டிவைத்திருக்கிறார் (நடையில் யாராவது செருப்பைக் கோணலாக விட்டால்கூட ஒரு அறிவிப்பு அடித்து ஒட்டுவார், அதனால் அவருக்கு இங்கே சர்க்குலர் என்றுதான் பெயர்), ஆகையால் படி கூட்டித் துடைக்கிற அக்கா மட்டும்தான் அந்தப் படியில் ஏறி இறங்குகிறாள். முன்பு அங்கே ஒரு ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சர்க்குலர் அந்தச் சுவரில் ஒரு விளம்பரப் பலகை மாட்ட இடம் கொடுத்தார், பலகை ஜன்னலை மூடிவிட்டது. திருப்பத்தில் இருந்த பல்பும் எப்போதோ போய்விட்டது. அக்கா கேட்டிருக்கிறாள், பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பார்க்கலாம் என்றால் யார் பார்ப்பது, எதை வைத்துப் பார்ப்பது. போன வாரம் நிறைந்த வாளியோடு இறங்கும்போது திருப்பத்தில் ஒரு படி இருப்பதே தெரியாமல் காலை வைத்து விழுந்துவிட்டாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. நான் வேலை பார்க்கிற மருந்துக் கடைக்கு ஒற்றைக் கையில் சீட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான் எனக்கே தெரியும். "இருட்டுல தெரியலம்மா" என்றாள், அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை யாரையும் குறை சொல்லவில்லை. 

அன்று சாயங்காலமே சர்க்குலர் நம் வீட்டுக்கு வந்தார். நேராக அப்பாவிடம், "சார், உங்க போன் கேமராதான் நம்ம பில்டிங்லயே நல்ல கேமரா, அந்தப் படியை ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க" என்றார். அப்பாவுக்குத் தலை கால் புரியவில்லை. பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரை ஒருவரும் எதற்கும் கூப்பிடவில்லையே, நீ வாங்கிக் கொடுத்த போனை வைத்துக்கொண்டு கொடியில் காயும் துண்டையும் எதிர்வீட்டுப் பூனையையும்தான் எடுத்துக்கொண்டிருந்தார். போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த நிமிஷம் அது நம் கட்டடத்தின் வாட்ஸப் குரூப்பில் வந்தது. நீயும்தான் பார்த்தாய். படியெல்லாம் பளபளவென்று, சுவரில் உள்ள கீறல்கூட எண்ணலாம்போல. கீழே சர்க்குலர், "படியில் போதுமான வெளிச்சம் உள்ளது. விழுந்தது பணியாளரின் கவனக்குறைவு. வேறு ஆள் ஏற்பாடு செய்யப்படும்" என்று எழுதியிருந்தார். வரிசையாகக் கட்டைவிரல்கள் தூக்கி நின்றன. அந்த வீடுகளின் வாசலை எல்லாம் துடைத்தவள் அவள்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அதே திருப்பத்துக்குப் போனேன். என் புடவை முந்தானை எது சுவர் எது என்று தெரியவில்லை. என் போனில் ஒரு போட்டோ எடுத்தேன். கருப்பாக வந்தது, ஓரத்தில் அக்கா விட்டுப்போன வாளியின் விளிம்பு மட்டும் கோடாகத் தெரிந்தது. அதை அப்படியே குரூப்பில் போட்டேன். உடனே மூன்றாம் மாடிப் பையன், அதுதான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், "ஆன்ட்டி, உங்களோடது பழைய மாடல், அங்கிளோடது புது மாடல், ஒரே கம்பெனிதான், ஆனா வெளிச்சம் கம்மியா இருந்தா உங்க கேமரா நிக்காது" என்று எழுதி, இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற ஒரு வீடியோவையும் அனுப்பினான். சர்க்குலர் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டார். அந்த மஞ்சள் பொம்மையை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, ஒப்பிடுவது என்று வந்துவிட்டது, நானும் ஒப்பிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். இரண்டும் நீ வாங்கிக் கொடுத்ததுதான், ஒரே நிறம், ஒரே உறை, அவசரத்தில் நான் அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டுத் திரும்பி ஓடி வந்ததெல்லாம் உண்டு. வெயிலில் கொடித் துணியை இரண்டிலும் எடுத்தேன், பெரிய வித்தியாசம் இல்லை, அப்பாவின் போனில் சிவப்புத் துண்டு கொஞ்சம் கூடுதல் சிவப்பாக இருந்தது. கூடத்தில் விளக்கடியில் அப்பாவையே உட்காரவைத்து எடுத்தேன். என்னுடையதில் மூக்கின்மேல் உள்ள மருவும் கன்னத்து முள்ளும் இருந்தன, அவருடையதில் கல்யாணத்தன்று வந்து நின்ற மாதிரி இருந்தார். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பிறகு படுக்கையறைத் திரையை இழுத்து மூடி, பீரோவைத் திறந்துவைத்து, உள்ளே என்ன இருக்கிறது சொல்லுங்கள் என்றேன். குனிந்து குனிந்து பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. அவருடைய போனை நீட்டி, அசையாமல் ஒரு மூச்சு பிடித்து எடுத்தால், அடித்தட்டில் நீ பள்ளிக்கூடத்தில் போட்ட ஸ்வெட்டரின் பொத்தான் தெரிகிறது. "பாத்தியா, இதுதான் நல்ல கேமரா" என்றார் அப்பா. நல்ல கேமராதான், யார் இல்லை என்றது. ஆனால் அந்த அக்கா போன் வழியாகப் பார்த்துக்கொண்டு படியிறங்கவில்லையே, அவளுக்கு இருப்பது இரண்டு கண்தானே என்று கேட்டேன். அப்பா பீரோவை மூடினார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் போன் இருட்டை இருப்பதைவிட இன்னும் இருட்டாகத்தான் காட்டுகிறது. திரை மூடிய அறையில் கட்டில் என் கண்ணுக்குத் தெரிந்தது, என் போனுக்குத் தெரியவில்லை. ஆகவே என் போட்டோவும் சாட்சி இல்லை, அவர் போட்டோவும் சாட்சி இல்லை. இது புரிந்த பிறகு எனக்குக் கோபம் குறையவில்லை, இடம்தான் மாறியது, போட்டோவை விட்டு அதைச் சாட்சியாக்குகிறவர்கள்மேல் போனது. அன்றிரவு அப்பாவிடம், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் உங்கள் போட்டோவை வைத்துத்தான் அவளை வேலையிலிருந்து எடுக்கப்போகிறார்கள், நான் எழுந்து பேசத்தான் போகிறேன், உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் வரவேண்டாம் என்றேன். "நான் என்ன பொய்யா எடுத்தேன், அமுக்கினேன், வந்துச்சு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நீ கூப்பிட்டு என்னைச் சமாதானமாகப் போகச் சொன்னது அடுத்த நாள் காலையில். வீட்டுக்குள்ளேயும் ஆள் இல்லை, வெளியூரிலும் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன், இருந்தாலும் போவது என்ற முடிவில் மாற்றம் இல்லை.

கூட்டம் கார் நிறுத்துகிற இடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, அதன்மேல் அப்பாவின் போட்டோவைப் பெரிதாக அச்சடித்து வைத்திருந்தார் சர்க்குலர். அக்காவும் வந்திருந்தாள், கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு தூணோரமாக நின்றாள். அத்தனை நாற்காலி காலியாக இருந்தும் ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. நான் ஒன்றை இழுத்துப் போட்டு அவளை முன்வரிசையில் உட்காரவைத்தேன். சர்க்குலர் படத்தைத் தூக்கிக் காட்டி, "இதுக்குமேல என்ன வெளிச்சம் வேணும், சொல்லுங்க" என்றார். நான் எழுந்தேன். என் போனை மேசைமேல் வைத்தேன். இது நல்ல போனா அது நல்ல போனா என்று இங்கே போட்டி இல்லை, எல்லாப் போனையும் இங்கே வைத்துவிட்டு வாருங்கள், அந்தப் படியில் நடந்து பார்ப்போம், முதலில் செயலாளர் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு இறங்கட்டும் என்றேன். ஒருத்தரும் அசையவில்லை.  சர்க்குலர், "மேடம், போட்டோவே எடுத்தது உங்க வீட்டுக்காரர்தான், அவரையே பொய்யராக்கறீங்களே" என்றார்.  எல்லோரும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த அப்பாவைத்தான் பார்த்தார்கள்.

அப்பா எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, தன் போனைக் கொண்டுபோய் என் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். "அவ என்னைப் பொய்யராக்கல. போட்டோவுல இருக்கறது போனுக்குத் தெரிஞ்சது. எனக்கு அங்க ஒண்ணும் தெரியல. ஒரு கையால செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் எடுத்தேன். அதை நீங்க கேக்கல, நானும் சொல்லல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு யாருக்கும் காத்திராமல் பின்படிப் பக்கம் நடந்தார். சின்னு, உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில் அவர் ஒரு கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. டிப்போவில் யாராவது சத்தம் போட்டால் டீ குடிக்கப் போய்விடுகிற மனிதர்.

பிறகு என்ன, எல்லோரும் எழுந்து வரவேண்டியதாகிவிட்டது. மூன்றாம் மாடிப் பையன் பழக்கதோஷத்தில் போன் டார்ச்சைப் போட்டான், அணைப்பா என்றேன், அணைத்துவிட்டான். மேலே இருந்து சர்க்குலர் இறங்கினார். வாளி தூக்கமாட்டேன் என்றுவிட்டார், போகட்டும், வெறுங்கையோடுதான் இறங்கினார். நேரான படிகளில் தடதடவென்று வந்தவர் திருப்பத்தில் நின்றார். கீழே படி எங்கே என்று செருப்பால் துழாவுகிற சத்தம் கேட்டது. அவர் கை பட்டென்று சுவரைப் பிடித்த சத்தமும் கேட்டது. பின்னால் நின்ற அக்கா, "பாத்து சார், அங்க ஒரு படி உயரம் ஜாஸ்தி" என்றாள். அவள்தான் சொன்னாள், வேறு யாரும் சொல்லவில்லை. அந்த இருட்டில் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, அதுதான் விஷயமே.

இப்போது திருப்பத்தில் பல்பு எரிகிறது. அக்காவின் வேலை அவளுக்குத்தான், கை சேரும்வரை சம்பளமும் வைத்தியமும் கட்டடத்தின் பொறுப்பு என்று கூட்டத்தில் ஒத்துக்கொண்டார்கள். பலகை இன்னும் ஜன்னலை மூடிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு அடுத்தபடியாக எழுந்து நிற்கப்போகிறேன். கவனக்குறைவு என்று போட்டதை சர்க்குலர் இன்னும் எடுக்கவில்லை, அதற்குப் பதிலாக என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார், கமிட்டியை அவமதித்ததற்கு மன்னிப்புக் கேட்டால் சேர்ப்பாராம். கேட்கமாட்டேன். காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்கிறவர்கள் இல்லாமல் நிம்மதியாகத்தான் இருக்கிறது. நீ அந்தக் குரூப்பில் இருக்கிறாய், அங்கே எனக்காக ஸாரி என்று ஏதாவது எழுதிவைத்தாயானால் அப்புறம் எனக்குக் கெட்ட கோபம் வரும், இப்போதே சொல்லிவிட்டேன். நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றால் யார் வருவார்கள் என்று கேட்டாய். வருகிறவர்கள் வருவார்கள். அந்தக் கட்டைவிரல்களை நம்பி நான் கிழவியாகப் போவதில்லை.

வாஷிங் மெஷினை ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டார், குழாயில் உன் பழைய காலுறை ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அப்பா உனக்குத் தனியாக எழுதுகிறேன் என்கிறார், எழுதமாட்டார், எதிர்பார்க்காதே. உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்கவேண்டும், யாருக்கும் தலைகுனியாமல் நீ நீண்ட நாள் வாழவேண்டும், அதற்குமேல் எனக்கு வேண்டியது ஒன்றும் இல்லை. ஒரே ஒரு காரியம் மறக்காமல் செய். நீ அனுப்புகிற போட்டோ எல்லாம் அப்பாவின் போனில் எடுத்த மாதிரிதான் இருக்கிறது, முகம் மொழுமொழுவென்று, பின்னால் அறையெல்லாம் வெளிச்சமாக. முன்பு பார்த்துச் சந்தோஷப்படுவேன், இப்போது நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. பகல் நேரத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, அந்த அழகுபடுத்துகிறதையெல்லாம் அணைத்துவிட்டு ஒன்று எடுத்து அனுப்பு. கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தால் இருக்கட்டும். நீ சரியாகத் தூங்குகிறாயா என்று நான் பார்க்கவேண்டும்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா