வீடு பார்க்க வந்தவர்கள்

பெரியகல்லாறு
ஆனி, 2010

என் செல்ல மகன் உதயரூபனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் தங்கச்சி யசோதினியும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லாக நித்திரை கொண்டு, அந்த சுவிஸ் நாட்டில் சுகமாக இருந்தால் எங்களுக்கு அதுவே காணும்.

மகன், சந்தோசத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை! விற்கிற வீட்டுக்கு முகப்புத்தான் முக்கியம் என்று நீ சொன்னபடி எல்லாம் செய்தோம். மதிலுக்கு மஞ்சள், கதவு யன்னலுக்குப் பச்சை. பெயின்ற் அடித்தவன் முதலில் ஏதோ சாணி நிறத்தைக் கலந்து வைத்தான். நான் பேசிய பேச்சில் தேத்தண்ணியும் குடிக்காமல் போய், மறுநாள்தான் வந்தான். சுனாமியில் கடல் வந்த அன்று முன்சுவரில் பிடித்த கறையும் மறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை உன்னிச்சையில் இருந்து ஆச்சிப்பிள்ளை என்று ஒரு அம்மா, மகன் புவிதரனோடு வீடு பார்க்க வந்தார். வளவைச் சுற்றினார், கிணற்றை எட்டிப் பார்த்தார். வீடு ஆர்ர பேரில என்று கேட்டார். மகள்ர பேரிலதான் என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல்லு. புள்ளையக் கூப்பிடுங்களன்கா என்றார். கையெழுத்து வைக்கிற ஆளைக் கேட்கிறார் என்று நானும் கூப்பிட்டேன். இவள் பெயின்ற் பட்ட சட்டையோடு வந்து நின்றாள். அந்தப் பொடியன் பிறகு வீட்டைப் பார்க்கவே இல்லை!

போகும்போது ஆச்சிப்பிள்ளை, எங்களுக்கு நகை நட்டு வேணாம், வீடும் புள்ளையும் காணும், நாளப் பாருங்க என்றாரே பார்க்கலாம்! அவர்கள் வந்தது வீடு வாங்க இல்லை, பெண் பார்க்க! பிழை நம்முடையதுதான். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையைக் கூட்டி வருகிற ஊரில், கலியாணம் ஆகாத குமர் இருக்கிற வீட்டுக்குப் பெயின்ற் அடித்தால் விற்கப் போகிறார்கள் என்று எவர் நினைப்பார்?

விற்கிற விசயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். யசோ பின்னால் நின்று என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நாட்டுச் சண்டை, கடல் என்று கலியாண வயது போன பிள்ளை, மகன். அப்பாவைக் கடல் கொண்டு போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டதில்லை. அன்று கிணற்றடியில் தனியே நின்று சிரித்தாள்.

கடலுக்குப் பக்கத்தில் இனி வேண்டாம், விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போங்க என்று நீ சொல்வது பயத்தில்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் விற்கச் சொல்லாதே, ராசா. ஆவணியில் நாள் வைக்கலாம். அப்பா நிற்க வேண்டிய இடத்தில் நீ நிற்க வேண்டும்.

அகதியாகப் போன உன்னால் இங்கே வர ஏலாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் வாறன் என்று ஒரு வரி எழுது, மகன். அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா