அமரோவுக்கு எட்டாத அலைகள்

குளோஸ்டர்,
மார்ச் 12, 1944

அன்புள்ள தெல்மாவுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்பதை நீ எழுதினால்தானே தெரியும்? அமரோ விமானப்படைக்குப் போனபின் மருமகளாவது என்னோடு இருப்பாள் என்று நினைத்தேன். நீயும் சீருடை மாட்டிக்கொண்டு கேப் காட் போய்விட்டாய். கோயில் வாசலில் ரோசாலினா என்னை மறித்து, “உன் மருமக பட்டாளத்துல என்னதான் செய்றா? ஆபீசருக்குக் காப்பி போடுறாளா?” என்றாள். “போட்டாலும் நீ போடுற கழுநீரை விட நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் எனக்காவது நீ சொல்லக் கூடாதா?

கீரை சூப் வைத்தால் இன்னமும் நம் மூன்று பேருக்குமாகவே வைத்துவிடுகிறேன். கை பழகிவிட்டது.

உன் அம்மா,
தியோலிண்டா

*

கேப் காட்,
மார்ச் 21, 1944

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வேலையைப் பற்றிச் சொல்ல அனுமதியில்லை. கூட இருக்கும் பெண்களோடு சாப்பாட்டு மேஜையில்கூடப் பேசக் கூடாது. கண்ணுக்குத்தான் வேலை, ஆபத்து ஒன்றுமில்லை.

அமரோ ஒரு பகல் விடுப்பில் வந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருக்கிறார், சிரிப்பு மட்டும் இளைக்கவில்லை. விமானத்துக்கு வழி கணித்துச் சொல்வது எப்படி என்று மணலில் கோடு போட்டுக் காட்டினார். “சூரியனும் நட்சத்திரமும் தெரிஞ்சா நான் ராஜா. மேகம் மூடிட்டா மூக்கால மோந்துதான் வழி சொல்லணும்” என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்,
தெல்மா

*

குளோஸ்டர்,
நவம்பர் 19, 1944

தெல்மா,

சவப்பெட்டி இல்லாமல் என் மகனுக்குப் பூசை நடந்தது. மறுநாள் காலையிலேயே நீ பையைத் தூக்கிக்கொண்டாய். “இருந்துட்டுப் போடி” என்று கெஞ்சினேன். “அங்க நான் போயே ஆகணும்மா” என்றாய். புருஷன் செத்த வீட்டில் ஒரு வாரம் உட்கார முடியாத அளவுக்கு அப்படி என்ன வேலை?

கடலுக்கு மேல் விமானம் வழி தவறி, எண்ணெய் தீர்ந்து விழுந்ததாம். வழி சொல்ல வேண்டியவன் அவன்தானே! கூடப் போனவர்களின் தாய்மார்கள் அவனைத்தானே திட்டுவார்கள்? மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவன் கடலில் வழி தவறினான் என்று துறைமுகத்தில் பேசுகிறார்கள். எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

தியோலிண்டா

*

பாஸ்டன்,
டிசம்பர் 2, 1945

அன்புள்ள அம்மாவுக்கு,

என் கடிதங்களுக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இதையாவது முழுக்கப் படியுங்கள். சண்டை முடிந்துவிட்டது, எங்கள் வேலை செய்தித்தாளிலேயே வந்துவிட்டது. இனி நான் சொல்லலாம்.

கரையில் தள்ளித் தள்ளி நிற்கும் கம்பங்கள் வானொலி அலைகளை அனுப்பும். எந்த அலை எவ்வளவு முந்தி வந்தது என்று கப்பலிலோ விமானத்திலோ இருக்கும் ஒரு பெட்டி காட்டும். அதை வைத்துத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மேகமானாலும் மூடுபனியானாலும் கவலையில்லை. அந்த அலைகள் இம்மியும் பிசகாதபடி கண்ணாடித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள், பெண்கள்தான். ஆள் குறைவு. அதனால்தான் பூசைக்கு மறுநாளே கிளம்பினேன்.

அமரோ விழுந்த அதே நாளில் அவர் படையிலேயே இன்னொரு விமானத்தில் பறந்த ஹோபர்ட் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார். “நாங்க மேகத்துக்குள்ள மாட்டிக்கிட்டோம். எங்ககிட்ட பெட்டி இருந்துச்சு, தப்பிச்சோம். அமரோ விமானத்துல அது வைக்கவே இல்ல. இல்லாமலே ரொம்ப தூரம் சரியாத்தான் கொண்டு வந்தான். எதிர்க்காத்து மாறினதை யாராலயும் கண்டிருக்க முடியாது” என்றார். அமரோ மேல் தவறே இல்லை, அம்மா. துறைமுகத்தில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

அவர் விழுந்த அன்று பிற்பகல் திரைமுன் இருந்தவள் நான். அலைகள் சுத்தமாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் தலைக்கு மேலேயும் போயிருக்கும். வாங்கிக்கொள்ள அவரிடம் ஒன்றுமில்லை.

கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா?

உங்கள் மகள்,
தெல்மா

*

குளோஸ்டர்,
டிசம்பர் 10, 1945

தெல்மாவுக்கு,

துறைமுகத்துக்குப் போய் உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். ஆண்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். என் பிள்ளையின் பெயரை நீ திருப்பித் தந்தாய். அதற்கு உனக்குக் கோடிப் புண்ணியம்.

எதிர்வீட்டு மனுவேல் கப்பல்படையிலிருந்து திரும்பிவிட்டான். “வழியெல்லாம் ஒரே பனி மாமி, முன்னால நிக்கிறவன் மூஞ்சி தெரியல. ஒரு பெட்டிதான் நேரா கொண்டாந்து சேர்த்துச்சு” என்றான். அது உன் வேலை என்று எனக்கு உடனே புரிந்தது. அவனைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் அவன் தாயின் மேல் எனக்கு வந்த பொறாமையை வெளியே சொல்ல முடியாது.

உன்மேல் குற்றமில்லை. பாதிரியாரும் அதையேதான் சொன்னார். ஆனாலும் நீ வந்து என் எதிரில் உட்கார்ந்தால், ஊரார் பிள்ளைகளையெல்லாம் கரைசேர்த்த கண்கள் இவை என்றுதான் பார்ப்பேன். என் பிள்ளை ஒருவனை மட்டும் கரைசேர்க்கவில்லை என்று நினைப்பேன். என்றாவது ஒருநாள் அதை வாய்விட்டும் சொல்லிவிடுவேன். அந்தப் பாவத்தைச் செய்ய எனக்கு இஷ்டமில்லை.

வராதே, மகளே. இந்த வருஷம் மட்டுமில்லை.

நீ சின்னப் பெண். நல்லவன் ஒருவன் கட்டிக்கொள்ளக் கேட்டால் சரி என்று சொல். எனக்கு எழுதிக் கேட்காதே.

தியோலிண்டா ஃபுர்தாடோ