அரிசிப் பானையில் போட்ட காகிதம்

அண்ணா, அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது இளமதி. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று என் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன். "இதை எழுதாதடி" என்று சொன்னால் அதையும் எழுதுவேன்.

ஜெகதாப்பட்டினம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா சொல்வது. நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், நீ இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்பதுதான் தெரியவில்லை. போனில் பேசினால் நான் அழுதே உன் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம், இளமதி போட்டோ எடுத்து அனுப்புவாள், கரண்ட் இருக்கும்போது படி. அப்பாவுக்கு முட்டிவலி குறையவில்லை, ஆனாலும் உளியைத் தூக்கிக்கொண்டு படகு வேலைக்குப் போகிறார், சொன்னால் கேட்பதில்லை. எனக்குத் தூக்கமே சரியில்லை, இதை எழுதாதே. (எழுதிவிட்டேன்.)

புதன்கிழமை உன்னைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார். "ஒங்க மகன் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டா அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துருவாப்ல, டிக்கெட் ரெடியா இருக்கு, கேஸு கீஸுன்னு கோர்ட்ட நம்பிக் கடல்லயே கெடக்கணுமா" என்றார். பதினோரு மாதமாக வராத சம்பளம் போனால் போகட்டும், தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் கப்பலில் பிள்ளை எதற்கு, "போட்டுட்டு வாடா" என்று அப்போதே உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. இளமதிதான் அந்தக் காகிதத்தின் நகலை வாங்கி இரண்டு முறை படித்தாள். சேர வேண்டிய சம்பளம் முழுதும் வந்துவிட்டது, கப்பல் மேல் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருக்கிறதாம். உங்கள் பதினான்கு பேர் சம்பளத்துக்கும், ரிப்பேர் செய்த பட்டறைக்கும், என்ஜின் சாமான் கொடுத்த கடைக்கும்தானே கோர்ட் அந்தக் கப்பலைப் பிடித்து வைத்திருக்கிறது, ஏலம் போனால் மாலுமிகள் சம்பளத்தை முன்னால் கொடுப்பார்கள் என்று வக்கீல் சொன்னதை நீதானே எங்களிடம் சொன்னாய்.

ஏஜென்ட் போன பிறகு அப்பா, "இந்தத் தடவையும் கட்டையக் குடுத்துறாத அழகி" என்று மட்டும் சொன்னார். உனக்கு நினைவிருக்கும், படகு வேலை முடிந்தாலும் கூலியும் மரத்துக்கான காசும் வரும் வரை அடித்துளையை அடைக்கும் கட்டையை அப்பா கொண்டுவந்து அரிசிப் பானையில் போட்டுவிடுவார். அது இல்லாமல் படகு இறங்காது, வேறு தச்சர் யாரும் புதிதாகச் செதுக்கித் தரவும் மாட்டார்கள். நீ எட்டாவது படித்தபோது அப்பா ஊரில் இல்லாத நாளில் ஒரு படகு முதலாளி வந்து, "ஆத்தா, நல்ல நேரம் போகுது, சாயங்காலம் காசு வீடு தேடி வரும்" என்றார். நேரம் தப்பினால் அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். படகு போனது, காசு வரவில்லை. மரக்கடைக் கடன் அடைய மூன்று வருஷம் ஆனது, உன் அப்பா ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. புதன்கிழமைதான் முதல் தடவை.

அதனால் கையெழுத்துப் போடாதே. இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. நீ போட்டால் கப்பலில் உன்னோடு இருக்கும் மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கலைப்பார்கள். ஆனால் உடம்புக்கு முடியாமல் போனால் யாரையும் கேட்காமல் போட்டுவிட்டு வந்துவிடு, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், இதை அவர் காதில் விழப் படிக்காதே இளமதி.

வெயிலில் டெக்கில் நிற்காதே, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. நீ நல்லபடியாகக் கரை இறங்குவாய். அந்தக் காகிதத்தை அரிசிப் பானையில் போட்டு வைத்திருக்கிறேன், மறந்துவிடாதே.

உன் அம்மா,
அழகி

அண்ணா, கப்பலில் அந்த ஊர் நேரம் சாயங்காலம் ஆறு மணிக்கே ஜெனரேட்டரை நிறுத்துகிறார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து, அதே நேரம், நம் ஊர் ராத்திரி ஏழரைக்கு, அம்மா செய்கிற வேலையை விட்டு எழுந்துவிடுவார். இப்போது மணி ஏழரை. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்.