ஏப்ரல் புட்டி

அன்புள்ள டெஸ்ஸா,

இல்லை, கொட்டவில்லை. தொலைபேசியில் நீ கேட்டபோது கொட்டிவிட்டேன் என்று சொன்னது பொய். ஏப்ரல் புட்டி, அந்தக் கடல்நீர் மாதிரி, குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பின்னால் இருக்கிறது. கெடாமலிருக்க ஊற்றிய அயோடினின் நிறம் மங்கவில்லை. முழங்காலைத் தவிர நானும் நலம். நார்வேக் குளிரில் நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்குக் கம்பளிச் சட்டை பின்னித்தரப் பேராசிரியர் இருக்கிறாரே.

பார், தொடங்கிவிட்டேன். உன் மூன்று பக்கக் கடிதத்தில் பேராசிரியர் சோல்வெய்க்கின் பெயர் பதினொரு முறை. இருபது ஆண்டுகளாக நுண்ணோக்கியில் செல் எண்ணுகிறவளிடம் எண்ணாதே என்றால் எப்படி. பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர் என்று எழுதியிருக்கிறாய். ஏழு வயதில் என் மடியில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, இடுப்பைச் சுற்றி ஒரு சாட்டை, பின்னால் ஒரு சாட்டை, அதனாலதாம்மா பம்பரமாச் சுத்துது என்று கத்தினாய். அது யார் மடி.

ஏப்ரலில் படகுத்துறையில் வலை இழுத்தபோது வழக்கமான அலெக்சாண்ட்ரியம் என்றுதான் நினைத்தேன். குளிர்காலம் முழுக்கச் சேற்றில் உறைக்குள் தூங்கி, வசந்தத்தில் எழுந்து, மட்டிகளில் நஞ்சேற்றும் அதே நுண்பாசி; என் எண்ணிக்கை கூடினால் மட்டி தோண்டத் தடை. கவசத் தகடுகளைப் பிரிக்க மேல்கண்ணாடியை ஊசியால் அழுத்தினேன். முதல் உச்சித் தகட்டின் ஓரத்தில் இருக்க வேண்டிய துளை நடுவில் இருந்தது. அதிகம் அழுத்திவிட்டேன் என்று எண்ணி, வரைந்த படத்தின் பக்கத்தில் 'நசுங்கியது' என எழுதினேன். முப்பது செல்லும் ஒரே மாதிரி நசுங்குமா என்று நான் கேட்கவில்லை. படத்தின் நகலைப் பார்த்து நீ கடிதத்தில் கேட்டாய். புதிய இனம் என்றாய். எனக்குச் சிலிர்த்தது. அடுத்த வரியில், சோல்வெய்க் பெயரை வைக்கப் போகிறோம் என்றாய்.

மட்டி தோண்டும் மெர்லிடம் சொன்னேன். உன் பேரை வெச்சாத்தான் கண்ணு பொருத்தம், வருஷா வருஷம் நீ எண்ணி எண்ணித்தானே என் பொழப்ப மூடுறே என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து புட்டியைத் திறந்து, பாத்திரத் தொட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். இது இல்லாமல் உன் இனத்துக்குச் சான்று இல்லை. தெரிந்துதான் நின்றேன். கை சாயவில்லை. ஆனாலும் உன்னிடம் பொய் சொன்னேன்.

அவர் பெயரையே வை. இந்தக் கூட்டத்தை என் காலத்திலேயே பேரினம் விட்டுப் பேரினம் மாற்றிவிட்டார்கள். அறிவியல் பெயரில் பேரினத்தைச் சொல்லும் முதல் சொல்தான் மாறும், நீங்கள் வைக்கும் இரண்டாவது சொல் நிற்கும். அதுதான் எரிகிறது. புட்டியில் ஒட்டிய சீட்டில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் என் பெயரைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன். அதை யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள்.

புட்டியை வெயிலில் வைக்காதே. இரவு வெகுநேரம் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும் மகளே.

உன் அம்மா,
லோர்னா பீல்

பி.கு.: மூடியை மெழுகால் அடைத்து, துண்டில் சுற்றி, இன்று காலை அஞ்சலகத்துக்குக் கொண்டுபோனேன். பெறுபவர் இடத்தில் பேராசிரியரின் பெயர்தான் இருக்க வேண்டும் என்றிருந்தாய். எழுதினேன்.