சுணங்கினால் சுங்கம்

மார்ச் 2, ஞாயிறு
கொழுந்தியாள் வீட்டில் மதியச் சாப்பாடு. கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். கருத்தரங்கில் படிக்க, சாலைச் சொற்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாளாம்.

“அத்தான், சுங்கச்சாவடியில வர்ற சுங்கம் எங்கேருந்து வந்தது?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அச்சகத்தில் இருபது வருடம் பிழை திருத்துகிறவனுக்கு அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வராது. “வண்டி சுணங்கி நிக்கிற இடம் சுணங்கம். நடுவுல ணகரம் தேஞ்சு சுங்கம். பழைய ஓலை ஒண்ணுல பார்த்தேன்” என்றேன். குழம்பு ஊற்றிக்கொண்டே.

எழுதிக்கொண்டாள். மனைவி மேசைக்கடியில் காலை மிதித்தாள். சகலை மட்டும், “அந்த ஓலை உங்க அலமாரியிலதான் இருக்கா?” என்றான். அவனுக்கு என்னைத் தெரியும்.

மார்ச் 6
“அவகிட்ட விளையாட்டுக்குன்னு சொல்லிட்டீங்களா?” என்று மனைவி கேட்டாள். சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 11
அகராதியைப் பார்த்தேன். கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். சுல்கம் என்ற வடசொல்லிலிருந்து வந்ததாம். ஆங்கிலத்தில் சுங்கச் சாலைக்கு டர்ன்பைக் என்பார்கள். முள்ளீட்டி பதித்த கட்டையைத் திருப்பி வழிவிட்டதால் வந்த பெயராம். நிஜம் என் புளுகைவிட நன்றாகவே இருக்கிறது.

போன் செய்தேன். நான் வாய் திறக்குமுன், “அத்தான், உங்க விளக்கத்தைத்தான் முதல்ல வச்சிருக்கேன். நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிற பேராசிரியரே கேட்க வர்றார்” என்றாள். பதினோரு வருடமாகத் தற்காலிகம் அவள்.

வாழ்த்துகள்மா என்று வைத்துவிட்டேன். சீ.

மார்ச் 22, சனி
கருத்தரங்கு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர் மெதுவாகத்தான் கேட்டார்: “அந்த ஓலை எங்கம்மா இருக்கு?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். நான் போட்டிருந்தது நாடா இல்லாத ஷூ.

“சரிபார்க்காதது என் தப்புங்க ஐயா” என்றாள். யாரோ சிரித்தார்கள். என் பெயரை அவள் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதி—இதிலும் என் நிம்மதிதானா?

மார்ச் 23
அவள் போன் செய்யவில்லை. நான் எந்த முகத்தோடு செய்வது?

மார்ச் 26
பேராசிரியர் வீட்டுக்குப் போய், அந்த ஓலைக் கதையைக் கட்டிவிட்டது நான்தான் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அன்னிக்கே எழுந்து சொல்லியிருக்கலாமே. அந்த வேலைக்கு நேத்தே வேற ஒருத்தருக்கு உத்தரவு போயிடுச்சு.”

நேரே கொழுந்தியாள் வீட்டுக்குப் போய் அதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். காபி தரவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு
கொழுந்தியாள் தன் அக்காவைப் பார்க்க வந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. பேச்சுவாக்கில் என் மகள், “அப்பா, ‘ஜன்னல்’ எந்த மொழிச் சொல்?” என்றாள். பதில் ஒன்று நாக்கு நுனிவரை ஓடி வந்தது. நல்ல பதில்கூட.

“எனக்குத் தெரியாதும்மா.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கொழுந்தியாள் நிமிராமலே, “காதுல சரியா விழல. இன்னொரு தடவ சொல்லுங்க அத்தான்” என்றாள்.

சொன்னேன்.